நகைச்சுவை இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது

இதில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. எடை பார்த்தது முதலிலா, சோகம் கேட்டது முதலிலா? ரப்பரைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார். நடிக்கிற வசனமே நினைவில் நிற்காத மனிதருக்குத் தேதி எங்கே நிற்கப்போகிறது? அவர் மனைவியிடம் எதையும் தாளில் எழுதிக் காட்டித்தான் கேட்க வேண்டும். அவளோ பாதி பதிலைக் கண்ணாலேயே சொல்லி முடித்துவிடுவாள். ஆனால் நாடகக் கலைப் பேரவையின் கூட்டக் குறிப்புகள் இருக்கின்றன, முத்திரையோடு, கையெழுத்தோடு. அதில் உள்ளதை யாரும் மறுக்க முடியாது. பேரவைக்கு வந்த வினையே அதுதான்.

ரப்பர் என்பது அவர் பெயரல்ல. எந்தப் பக்கம் இழுத்தாலும் முகம் அந்தப் பக்கம் போகும் என்பதால் முதல் நாடகத்தன்றே ஒட்டிக்கொண்ட பட்டம். இருபத்தாறு வருடங்களாக ஆலைகளின் சாப்பாட்டுக் கூடங்களிலும், ஆஸ்பத்திரி மண்டபங்களிலும், பள்ளிக்கூட அரங்குகளிலும் நடித்துக்கொண்டிருந்தார். நீதிபதியாக வந்தார், திருடனாக வந்தார், அந்தத் திருடனின் மாமியாராகவும் வந்தார். ஒரு நாடகத்தில் வைத்தியர், நோயாளி, நோயாளியைப் பார்க்க வந்த கொழுந்தியாள் மூவரும் அவரே. பிணமாகப் படுத்தும் சிரிக்க வைத்திருக்கிறார்.

மற்றவர்கள் பேசிச் சிரிக்க வைப்பார்கள். ரப்பர் பேச்சை நிறுத்திச் சிரிக்க வைப்பார். மேடையில் யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள். இவர் வாயைத் திறப்பார், மூடுவார், கேட்டவரையே பார்ப்பார். மூன்று நொடி போகும். ஐந்து போகும். ஒன்பதாவது நொடியில் கூடம் வெடிக்கும்.

திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது மனைவியின் வேலை. கணவர் மறந்து நிற்கிறாரா, வேண்டுமென்றே நிற்கிறாரா என்று முதுகைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். மறதி என்றால் உடனே அடி எடுத்துக் கொடுக்க வேண்டும். மௌனம் என்றால் மூச்சுகூட விடக்கூடாது. இருபத்தாறு வருடத்தில் அவள் ஒரே ஒரு முறைதான் தவறினாள். அன்று அவளுக்குக் காய்ச்சல்.

பிறகு ஒருநாள் அவள் காதைச் சோதித்த வைத்தியர் சொன்னார்: "நரம்பு பலவீனம்மா. கருவி வெச்சா கொஞ்ச நாள் ஓட்டலாம். அதுக்கப்புறம் அதுவும் உதவாது. ஒண்ணரை வருஷம், மிஞ்சிப்போனா ரெண்டு வருஷம்."

இருவரும் பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். வீட்டுப் படியேறும்போது அவள் சொன்னாள்:

"ஏங்க, நான் உங்களை முன்னால இருந்து பார்த்ததே இல்லை."

"தினமும்தான் பார்க்கறே."

"வீட்டுல பார்க்கறதைச் சொல்லலை. அதைப் பார்த்தா யாருக்குச் சிரிப்பு வரும்? ஜனங்களோட ஜனமா உட்கார்ந்து, சுத்தி எல்லாரும் சிரிக்கறப்போ நடுவுல இருந்து கேக்கணும். பின்னாடி நின்னா, அது பக்கத்து வீட்டுல யாரோ குளிக்கற சத்தம் மாதிரி கேக்குது. அவ்வளவுதான் இத்தனை வருஷமா நான் கேட்டது."

அடுத்த நாடகத்துக்கே ஏற்பாடு செய்தார்கள். விளக்குப் போடுகிறவர் வசனம் எடுத்துக் கொடுக்க முன்வந்தார். பாவம், இரண்டாவது காட்சியிலேயே அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தைத் தவறவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ரப்பர் நடுமேடையில் நிற்கிறார். இது மௌனமல்ல, மறதி என்று அந்தக் கூடத்தில் தெரிந்தது ஒருத்திக்குத்தான். பார்க்க வந்தவள் எழுந்து திரைக்குப் பின்னால் ஓடினாள்.

நகரத்தின் பெரிய அரங்கில் அப்படி இல்லை. அங்கே வசனம் எடுத்துக் கொடுப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் உண்டு, அவருக்கென்று மேடைக்கு அடியில் ஒரு பள்ளமும் உண்டு. எண்ணூறு இருக்கைகள். அங்கே ஒரு நாள் நடித்தால் போதும். ஆனால் அந்த மேடையில் கால் வைக்க நாடகக் கலைப் பேரவையின் நடிகர் அட்டை வேண்டும்.

"அவ்வளவுதானே? ஒரு அட்டைதானே?" என்றார் ரப்பர். முன்னூற்று நாற்பது வேடம் போட்டவருக்கு உலகம் தெரிந்த லட்சணம் அது.

பேரவை ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. நடையில் நீளமாக ஒரு மரப்பெஞ்சு. அதில் ஒரு பாடகரும், இரண்டு நடனக்காரிகளும், கதவைப் பார்த்தபடியே உறைந்துபோன வில்லன் நடிகர் ஒருவரும் இருந்தார்கள். வில்லன் நான்கு வருடங்களாக வருகிறார். பார்வை அவ்வளவு கொடூரமாக ஆனது இந்தப் பெஞ்சில்தான் என்று அவரே சொன்னார்.

உள்ளே செயலாளர் படிவத்தை நீட்டினார்.

"எந்த வகை?"

"எல்லா வகையும் பண்ணுவேன் சார்."

"எல்லா வகைன்னு ஒரு வகை இல்லையே. நாயகர், வில்லர், குணச்சித்திரர், நகைச்சுவை ஒல்லி, நகைச்சுவை பருமன். இதுல ஒண்ணைச் சொல்லுங்க."

"நகைச்சுவைதான்."

"ஒல்லியா, பருமனா?"

ரப்பர் தன்னைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டார். செயலாளரும் எழுந்து நின்று பார்த்தார். சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று, பழைய கோப்புகளைக் கழிக்கும்போது நிறுக்கிற தராசில் அவரை ஏற்றினார்கள்.

"ஒல்லிக்கு நாலு கிலோ அதிகம். பருமனுக்குப் பதினோரு கிலோ குறைவு. எது வசதிப்படும்னு நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க, நாங்க வற்புறுத்த மாட்டோம்."

"சார், நான் உடம்பை வெச்சுச் சிரிக்க வைக்கறதில்லைங்க."

"அதை நீங்க சொல்லக் கூடாது. ஆய்வு சொல்லணும்."

ஆய்வு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தது. ஆய்வாளர் அம்மையார் நடுத்தர உடலும் நகைச்சுவையின்மையும் என்ற பொருளில் நானூறு பக்கம் எழுதியவர். அதற்காகப் பதினோரு வருடம் உழைத்திருந்தார். அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு நாடகமும் பார்க்கவில்லை. "பார்த்தா முன்முடிவு வந்துடும்" என்று விளக்கினார்.

ரப்பர் ஏழு வாரம் அரை வயிறு சாப்பிட்டார். கன்னம் ஒட்டியது. "முகத்துல இழுவையே போயிடுச்சு. இப்போ உங்களை ரப்பர்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள் மனைவி. நான்கு கிலோவும் குறைந்ததும் போய்த் தராசில் நின்றார். எடை சரி என்று குறித்துக்கொண்டு செயலாளர் படிவத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். தொழிலும் பின்னணியும் என்று தலைப்பு.

"உங்க சோகம் என்ன?"

"எதுங்க?"

"சோகம். நகைச்சுவை நடிகர்னா ஒரு சோகம் இருக்கணும். எங்க பெரும்பதிவேட்டுல எல்லாருக்கும் இருக்கு. ஊரைச் சிரிக்க வெச்சவர், உள்ளுக்குள்ள அழுதவர், அப்படின்னுதான் வாக்கியமே ஆரம்பிக்குது. அச்சுல கோத்தே வெச்சிருக்கோம், பேரை மட்டும் மாத்துவோம். சின்ன வயசுல வறுமையா?"

"மூணு வேளையும் சாப்பிட்டோம் சார்."

"அப்பா அடிப்பாரா?"

"அப்பா மின்தூக்கி பழுது பார்க்கறவர். சாயங்காலம் வந்து எங்களுக்கு வேடிக்கைக் கதை சொல்வார்."

"அம்மா?"

"அந்தக் கதை பொய்யின்னு சொல்லி அப்பாவைக் கரண்டியால அடிப்பாங்க. அவர் சிரிப்பார்."

செயலாளர் எழுதுவதை நிறுத்தினார். முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. "இப்படி எல்லாம் இருந்தா உங்களுக்கு எப்படிங்க அட்டை குடுக்கறது? காதல் தோல்வி?"

"காதலிச்சவளையே கட்டிக்கிட்டேன்."

"ஐயோ" என்றார் செயலாளர்.

அப்போது ரப்பருக்கு உதட்டு நுனி வரை ஒன்று வந்தது. மனைவியின் காதைப் பற்றிச் சொல்லியிருந்தால் அந்தக் கட்டம் அன்றே நிரம்பியிருக்கும். அச்சுக்கோத்த வாக்கியத்துக்குப் பின்னால் அதையும் கோத்திருப்பார்கள். அவர் வாயைத் திறந்தார், மூடினார். அதைக் கொண்டுபோய் இந்த மேசையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பிறகு பல நாள் அதைப் பற்றி யோசித்திருக்கிறார். அது மானமா, முட்டாள்தனமா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

சோகமின்மைக்கு விலக்குக் கேட்டு மனு எழுதச் சொன்னார்கள். எழுதினார். அந்த மனுவை ஆராய ஒன்பது கூட்டங்கள் நடந்தன. பேரவையில் ஒரு வழக்கம் இருந்தது: கூட்டத்தில் யார் என்ன பேசினாலும் சுருக்கெழுத்தர் அட்சரம் பிசகாமல் எழுதுவார், தும்மினால் தும்மல் என்று எழுதுவார். தட்டச்சான பிறகு, சரியான நகல் என்று முத்திரை குத்தி, சம்பந்தப்பட்ட விண்ணப்பதாரருக்கு ஒரு பிரதி தபாலில் போகும். ஒளிவுமறைவில்லாத நிர்வாகம் என்று பேரவை அதைப் பற்றி மிகவும் பெருமைப்பட்டது. விண்ணப்பதாரர்கள் யாரும் அதைப் படித்ததில்லை. எழுதியவர்களும் படித்ததில்லை. ரப்பர் வீட்டில் அந்தப் பிரதிகள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டே வந்தன.

முதல் வருடம் முடிந்தது. மனைவி இப்போது கருவி வைத்திருந்தாள். தொலைபேசி மணி கேட்கும், பேச்சுப் புரியாது.

விலக்குக் கிடைத்ததும் தேர்வு வந்தது. மேடையாக ஒரு ஜமுக்காளம், எதிரே ஐந்து நாற்காலிகள். நடுவில் தலைவர். கழிவுநீர்த் துறையில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வுக்குப் பின் கலைக்கு வந்தவர். பேசுவதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கையை நீட்டி, தூரத்திலிருந்து அதன் வழியாக எதிரே இருப்பவரைப் பார்த்து, பிறகு மாட்டிக்கொள்வார். அவருக்கு இடப்பக்கம் செயலாளர், வலப்பக்கம் ஆய்வாளர் அம்மையார், ஓரத்தில் எதற்கும் ஆமாம் சொல்கிற உறுப்பினர், கடைசியில் தூங்குகிற உறுப்பினர்.

செயலாளர் விதியைப் படித்தார்: "விதி பதினாலு. தேர்வாளர்கள் நடுநிலை காக்கணும். தேர்வு நேரத்துல யாரும் சிரிக்கக் கூடாது. சிரிச்சா ஒரு பக்கம் சாய்ஞ்சதா ஆயிடும். விதி பதினஞ்சு. யாரும் சிரிக்கலைன்னா விண்ணப்பதாரருக்கு நகைச்சுவை இல்லைன்னு முடிவு பண்ணணும்."

"ரெண்டும் சேர்ந்தா எப்படிங்க...?" என்றார் ரப்பர்.

"ரெண்டும் தனித்தனி விதி" என்றார் தலைவர்.

ரப்பர் நடித்தார். வைத்தியர், நோயாளி, கொழுந்தியாள். நடுவில் தன் மௌனத்தையும் வைத்தார். ஐந்து முகங்களும் கழுவி வைத்த தட்டுகளைப் போல இருந்தன. ஒன்பதாவது நொடியில் தூங்குகிற உறுப்பினர் மட்டும் விழித்துக்கொண்டார். தோள் இரண்டு முறை குலுங்கியது. இருமலாக்கிக்கொள்ளப் பார்த்து முடியாமல் மேசைக்கு அடியில் பேனாவைத் தேடப் போய்விட்டார்.

பதினைந்து நாளில் நகல் வந்தது. முடிவு தெரிய வேண்டுமே என்று அதை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். அதில் இருந்தது: "விண்ணப்பதாரர் ஓரிடத்தில் வசனத்தை மறந்து ஒன்பது நொடி விழித்தார். சிரிப்பு: இல்லை. ஓர் உறுப்பினரின் இருமல் குறித்து விளக்கம் கேட்கப்படுகிறது."

மறந்தார் என்று எழுதியிருந்ததை மனைவி விரலால் தடவித் தடவிப் படித்தாள். பாத்திரம் கழுவப் போனாள். அன்று பாத்திரங்கள் கொஞ்சம் அதிகமாகச் சத்தம் போட்டன. அவளுக்கு அது தெரிந்திருக்காது.

மேல்முறையீட்டுக்கு இன்னும் எட்டு மாதம் ஆனது. அன்று தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். கண்ணாடியைக் கழற்றி, நீட்டி, பார்த்து, மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்:

"கலையை நான் என் சொந்தப் பிள்ளை மாதிரி பார்க்கறவன். அதனாலதான் வெளியே விடறதில்லை. இந்தப் பேரவைக்கு நான் வந்தப்போ நகரத்துல நூத்தி இருபது நாடகம் நடந்துச்சு. ஒரே கூச்சல், ஒரே கும்பல். இன்னைக்கு ஒன்பது. எவ்வளவு ஒழுங்கு! முப்பது வருஷம் நான் குழாய்ல வேலை பார்த்தவன். எதை விடணும்கிறதைவிட எதை அடைக்கணும்கிறதுதான் நிர்வாகம். ஜனங்க சிரிக்கறாங்கன்னு சொல்றீங்க. ஜனங்களை யாரு பரிசோதிச்சாங்க? ஒரு சிரிப்புக்குப் பின்னால என்ன தகுதி இருக்கு? நான் அறுபத்தெட்டு வருஷமா அநாவசியமாச் சிரிச்சதில்லை. அவசியமாவும் சிரிச்சதில்லை. என்ன குறைஞ்சு போயிட்டேன்?"

"ஆமாம்" என்றார் ஆமாம் உறுப்பினர்.

"எதுக்கு ஆமாம்?" என்று தலைவர் திரும்பினார். அதுவும் குறிப்பில் ஏறியது.

மேல்முறையீடு தள்ளுபடி. ஆணையை வாங்கிக்கொண்டு ரப்பர் வீட்டுக்கு வந்தார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். "முடிஞ்சுது. இல்லைன்னுட்டாங்க" என்றார். அவள் மடித்துக்கொண்டே இருந்தாள். "உன்னைத்தான். இல்லைன்னுட்டாங்க." கருவி அவள் காதில்தான் இருந்தது. அதன் சின்ன விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அவர் மூன்றாவது முறை கூப்பிடவில்லை. கதவருகிலேயே நின்றார். அது ஒன்பது நொடியில் முடிகிற மௌனமில்லை. கடைசிச் சட்டையை மடித்து வைத்துவிட்டுத் திரும்பியபோது அவரைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், எல்லாம் புரிந்துகொண்டாள்.

ஒரு வாரம் அந்த வீட்டில் எழுதிக் காட்டிக்கூட யாரும் எதையும் பேசவில்லை.

எட்டாம் நாள் குளித்துவிட்டு வெளியே வந்த ரப்பருக்குச் சமையலறையிலிருந்து பெரிய சத்தம் கேட்டது. மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்த முப்பத்தொரு கூட்டக் குறிப்புகளும் மடியில் கிடந்தன. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தன் சிரிப்பு தனக்கே கேட்காததால் அது தெரு வரை போனது.

"இந்தாங்க, இதைப் பாருங்க" என்று ஒரு பக்கத்தை நீட்டினாள். "சோகத்துக்கு விலக்குக் குடுத்தா ஆளுக்கு ஆள் சந்தோஷமா இருக்கேன்னு கிளம்பிடுவாங்கன்னு பேசியிருக்காங்க. நாலு பக்கம்! இருபத்தாறு வருஷமா எவ்வளவு வசனம் எடுத்துக் குடுத்திருக்கேன், இப்படி ஒண்ணு யாராவது எழுதியிருக்காங்களா?"

அவர், அவளுக்கு எழுதிக் காட்ட வைத்திருந்த சிலேட்டுப் பலகையை எடுத்து எழுதினார்: "அதனால?"

"இதை நடிங்க. ஒரு வார்த்தை மாத்தக் கூடாது. தலைவர்னு இருக்கற இடத்துல மன்னர்னு போடுங்க. செயலாளர் மந்திரி. அந்த அம்மா ராஜகுரு. விண்ணப்பதாரர் குடிமகன். அவ்வளவுதான்." சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் காதை இவங்க திருடலை. அது தானா போச்சு. ஆனா அதுல மிச்சம் இருந்த ரெண்டு வருஷத்தை இவங்கதான் தின்னாங்க. நான் விட மாட்டேன். நீங்க விட்டாலும் விட மாட்டேன்."

அவருக்கும் விடுகிற உத்தேசம் இல்லை. இன்னொன்றையும் அன்று கவனித்தார்: அந்த வசனங்கள் மட்டும் அவருக்கு மறக்கவேயில்லை. ஆத்திரத்தோடு கேட்டதும் படித்ததும் அத்தனையும் அடி மாறாமல் உள்ளே இருந்தது.

நியாயசபை என்று பெயரிட்டு, சரித்திர நாடகம் என்று குறிப்பிட்டு, பிரதியைப் பேரவைக்கு அனுப்பினார். ஐந்து பேரும் படித்தார்கள். தங்கள் சொற்களைத் தாங்களே அடையாளம் காணவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பேசும்போதும் கேட்காதவர்கள், எழுத்தில் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? தலைவருக்கு மட்டும் ஏதோ நெருக்கமாகத் தோன்றியது. மன்னரின் வசனத்தின் கீழெல்லாம் சிவப்புக் கோடு போட்டார்.

"யாரு எழுதினது?" என்றார்.

"எங்கயோ கிடைச்ச பழைய ஏடுங்க" என்றார் ரப்பர்.

"அதான் பார்த்தேன். இந்தக் காலத்து ஆளுக்கு இந்த ஆழம் வராது. எதை விடணும்கிறதைவிட எதை அடைக்கணும்கிறதுதான் நிர்வாகம். அடடா! என் மனசுல இருந்ததை அப்படியே அன்னைக்கே ஒரு மன்னன் சொல்லிட்டுப் போயிருக்கான் பாருங்க."

"ஆமாம்" என்றார் ஆமாம் உறுப்பினர்.

ஆய்வாளர் அம்மையார் பிரதியை மூன்று முறை சோதித்தார். சான்றிதழ் இப்படி வந்தது: "இந்நாடகத்தில் நகைச்சுவை அறவே இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது. மன்னர், மந்திரி, ராஜகுரு ஆகியோரின் சொற்கள் ஆழமும் கண்ணியமும் நிறைந்தவை. இதில் சிரிப்பதற்கு எந்த முகாந்திரமும் இல்லை." ஐந்து கையெழுத்துகள். இத்தகைய பிரதியைத் தேர்ந்தெடுத்தவர் குணச்சித்திரராகத்தான் இருக்க முடியும் என்று அதே கூட்டத்தில் அட்டையும் கொடுத்தார்கள். குணச்சித்திரருக்கு எடையும் கிடையாது, சோகமும் தேவையில்லை.

"கடைசியில திருந்திட்டீங்க" என்று செயலாளர் கைகுலுக்கினார். "தலைவரே முன்வரிசையில வந்து உட்கார்றேன்னு சொல்லிட்டார். நாங்க எல்லாரும் வர்றோம்."

"அவசியம் வரணும்" என்றார் ரப்பர். வாழ்க்கையில் அதைவிட உண்மையாக அவர் எதையும் சொன்னதில்லை.

அரங்கு நிறைந்திருந்தது. நடைப்பெஞ்சில் பல வருடம் தேய்ந்தவர்கள் அத்தனை பேருக்கும் மனைவியே கடிதம் எழுதியிருந்தாள். பாடகர் வந்திருந்தார், நடனக்காரிகள் வந்திருந்தார்கள், வில்லன் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் பேரவை. மூன்றாவது வரிசையின் ஓரத்தில், தலைவரின் முகம் பக்கவாட்டில் தெரிகிற இடமாகப் பார்த்து, அவள்.

மேடையில் ஐந்து நாற்காலிகள், ஒரே நடிகர். நாற்காலி மாறும்போதெல்லாம் ஆள் மாறினார். முதல் பத்து நிமிடம் அரங்கு அமைதியாக இருந்தது. தலைவர் தன் வசனம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பெஞ்சுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கேயோ கேட்ட குரல்கள்.

பிறகு மன்னர் கிரீடத்தைக் கழற்றினார். கையை நீட்டி, தூரத்திலிருந்து அதன் வளையத்தின் வழியாகக் குடிமகனைப் பார்த்தார். மாட்டிக்கொண்டார். "கலையை நான் என் சொந்தப் பிள்ளை மாதிரி பார்க்கறவன். அதனாலதான் வெளியே விடறதில்லை."

வில்லன்தான் முதலில் போனார். நான்கு வருடம் அடக்கியது குரைப்பாக வெளியே வந்தது. அடுத்து இரண்டு வரிசை. அடுத்து எண்ணூறு பேர். தலைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரிக்கிறவர்கள் யார் என்று திரும்பினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கையை நீட்டித் தூரத்திலிருந்து அதன் வழியாக அரங்கைப் பார்த்தார்.

அதன் பிறகு அரங்கை யாராலும் அடக்க முடியவில்லை.

ரப்பர் நிறுத்தவில்லை. ஆய்வாளர் அம்மையார் தன் நானூறு பக்கத்திலிருந்து கூட்டத்தில் வாசித்ததையெல்லாம் கண் இமைக்காமல் சொன்னார். ஆமாம் உறுப்பினரை நாற்காலியில் உட்காரக்கூட விடாமல், அரை உட்காரலில் நிறுத்தி ஆமாம் சொல்ல வைத்தார். கடைசியில் குடிமகனாக வந்து நின்றார். "உனக்கு ஏன் சோகம் இல்லை?" என்று மந்திரியின் குரலில் தானே கேட்டுவிட்டு வாயைத் திறந்தார், மூடினார். முன்வரிசையைப் பார்த்தார். ஒன்பது நொடி ஆனது. விடவில்லை. பதினைந்து ஆனது. பள்ளத்திலிருந்த வசனக்காரர் பதறிப்போய் அடி எடுத்துக் கொடுத்தார். ரப்பர் அந்தப் பள்ளத்தின் மூடியைக் காலால் மெதுவாக மூடினார். இருபது. முன்வரிசையில் செயலாளர் வியர்வையைத் துடைத்தார். இருபத்து மூன்றாவது நொடியில் தூங்குகிற உறுப்பினர், அதிகாரபூர்வமாக, வாய்விட்டுச் சிரித்தார். அதன் பின்னால் அரங்கு வந்தது.

ஒப்பனை அறையில் மனைவியிடம் பலகையை நீட்டினார்: "எப்படி இருந்துச்சு?"

அவள் அதைப் படித்தாள். பிறகு சொன்னாள்: "தோளெல்லாம் குலுங்குச்சு. நாற்காலி கைப்பிடியில கையை வெச்சிருந்தேன், அதுவும் நடுங்குச்சு. ஆனா கேக்கலை. ஒரு துளிகூடக் கேக்கலை." அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவர் முகவாயைத் தூக்கினாள். "அந்த ஆளு காது சிவந்ததைப் பார்த்தேன். முதல்ல நுனி, அப்புறம் முழுசா. நாளைக்கும் பார்க்கணும். தினமும் பார்க்கணும்."

மறுநாள் காலை பேரவையின் அவசரக் கூட்டம். நாடகத்தைத் தடை செய்ய வேண்டுமானால் மன்னர் யார் என்று காரணம் எழுத வேண்டும். அதை எழுத யாரும் தயாராக இல்லை. சிரிப்பதற்கு முகாந்திரம் இல்லை என்று ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆகவே சிரித்தது மக்களின் தவறு என்று தீர்மானம் ஆனது. இனி அரங்குக்குள் வரப் பார்வையாளர் அட்டை வேண்டும் என்றும், அதற்கு ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் சிரிக்காமல் உட்கார்ந்து காட்ட வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள். வழக்கப்படி, சரியான நகல் என்று முத்திரை குத்தி, சம்பந்தப்பட்டவருக்கு ஒரு பிரதி தபாலில் போனது.

சனிக்கிழமை அது நாடகத்தின் கடைசிக் காட்சியாக அரங்கேறியது.

அதைப் பற்றி விவாதிக்க இன்னொரு கூட்டம். இன்னொரு நகல். இன்னொரு காட்சி. ஒன்றரை மணி நேர நாடகம் இரண்டே முக்கால் மணி நேரமானது. நகல் அனுப்புகிற வழக்கத்தை நிறுத்தலாமா என்று ஒரு கூட்டம் நடந்தது. அதில் தலைவர் ஆற்றிய உரைதான் இன்றுவரை அதிகக் கைதட்டல் வாங்குகிற இடம்.

மூன்றாம் மாதம் செயலாளர் ரப்பரின் வீட்டுக்கே வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"அண்ணே, போதும்ணே. என் பொண்ணு படிக்கற இடத்துல எல்லாரும் அவளைப் பார்த்து உங்க சோகம் என்னன்னு கேக்கறாங்க. வீட்டுல என் சம்சாரம்கூட நான் பேச ஆரம்பிச்சா வாயைப் பொத்திக்கறா. நான் விதியைத்தானே படிச்சேன்? என்மேல என்ன தப்பு?"

அவர் கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன. ரப்பர் பார்த்தார். மனசுக்குள் ஏதோ ஒன்று லேசாக அசைந்தது. அப்போது உள்ளே மனைவி எதையோ தட்டிவிட்டாள். தட்டு ஒன்று உருண்டு, சுழன்று, நெடுநேரம் ஒலித்து அடங்கியது. அவள் அதன் பக்கம் திரும்பவேயில்லை. தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விண்ணப்பத்தை உரிய படிவத்துல எழுதிக் குடுங்க" என்றார் ரப்பர். "பரிசீலிக்கறேன்."

அதன் பிறகு நடந்தது இதுதான். தலைவர் உடல்நலக் குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகினார். எந்த விழாவிலும் அவர் பேச எழுந்து கண்ணாடியைத் தொட்டாலே கூட்டம் சிரிப்பதால் வெளியே வருவதை விட்டுவிட்டார். செயலாளர் வேறு நகரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அங்கேயும் நாடகம் போனது. ஆய்வாளர் அம்மையார் இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கிறார். ஆமாம் உறுப்பினர் இன்னும் பேரவையில் இருக்கிறார். தூங்குகிற உறுப்பினர் இப்போது தலைவர்; இருமல் பற்றிய விளக்கத்தை அவர் இன்னும் தரவில்லை. வில்லனுக்கு அட்டை கிடைத்தது, நகைச்சுவை ஒல்லி என்று. ரப்பர் நாடகத்தை இருநூற்றுப் பதினான்கு முறை நடித்துவிட்டார், பேரவைப் பதிவேட்டில் அவர் இன்றைக்கும் குணச்சித்திரர்தான். மனைவிக்குக் காது அறவே கேட்பதில்லை. அவர்கள் இருவரும் யாரையும் மன்னிக்கவில்லை.